ராய்ஸ் வேண்டாம் என்ற துப்பாக்கி

ஹார்லனின் கடைக் கதவைத் தள்ளித் திறந்தபோதே, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது தன்னைப் பற்றிய பேச்சுதான் என்று டெல்லாவுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சு அறுந்த விதம் அப்படி. விறகடுப்புக்குப் பக்கத்தில் மெரில் கிழவர் காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். கவுண்டருக்குப் பின்னால் ஹார்லன் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். மூன்றாமவன் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பழுப்பு கான்வாஸ் கோட்டில், இடது தோளுக்குக் கீழே, முள்வேலி கிழித்த இடத்தைத் தைத்திருந்த தையல் அவள் போட்டதுதான். ராய்ஸ். ஒன்றரை வருஷத்துக்கு முன்புவரை அவளுடைய புருஷன்.

திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பழைய துப்பாக்கி விற்கும் இன்னொரு கடைக்குப் போவதென்றால் கணவாயைத் தாண்ட வேண்டும். அங்கே நேற்றிலிருந்தே பனி. சனிக்கிழமை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. வருஷா வருஷம் எழுதிப்போட்டுக் கடைசியில் இந்த வருஷம்தான் மேல்பள்ளத்தாக்கில் வேட்டையாட அவளுக்குக் குலுக்கலில் அனுமதி விழுந்திருந்தது. இவன் முதுகுக்குப் பயந்து அதை விட்டுவிடுவதா.

"கதவைச் சாத்தும்மா. விறகு சும்மா வரல," என்றார் ஹார்லன்.

சாத்தினாள். "ஒரு ரைஃபிள் பாக்கணும். பழசுதான். போல்ட் இழுத்துச் சுடுறது."

"சுடுறதுக்கா, கட்டுறதுக்கா?"

மொன்டானாவின் அந்தப் பக்கத்தில் பழைய துப்பாக்கி வாங்க வருகிற எவரிடமும் கேட்கிற கேள்விதான் அது. சுடுவதற்கென்றால் குழலும், தோளில் ஊன்றுகிற மரக்கட்டையும் நன்றாக இருப்பதாகப் பார்த்து எடுத்து, அப்படியே காட்டுக்குத் தூக்கிப் போகலாம். கட்டுவதற்கென்றால் வெளித்தோற்றம் எப்படியும் இருக்கட்டும், நடுவிலிருக்கும் எஃகு உறுதியாக இருந்தால் போதும். மற்றதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுத் தன் கைக்கும் தோளுக்கும் ஏற்றபடி புதுக் குழல், புதுக் கட்டை போட்டுக்கொள்ளலாம்.

"ரெண்டுக்கும்தான். இந்த சீசனுக்குச் சுடணும். அப்புறம் குளிர்காலத்துல பிரிச்சுக் கட்டிக்குவேன்."

"ஏன், டாக்டர் புதுசா ஒண்ணு வாங்கித் தரமாட்டாராமா?" என்றார் மெரில், கோப்பைக்குள் பார்த்தபடி.

டெல்லா கால்நடை டாக்டரிடம் வேலை பார்த்தாள். குதிரை மிரளாமல் தலையைப் பிடித்துக்கொள்வது, கன்று வயிற்றில் குறுக்கே கிடந்தால் இழுத்தெடுக்கச் சங்கிலி எடுத்துக் கொடுப்பது, தொழுவம் கழுவுவது. ராய்ஸை விட்டு அவள் வந்த வாரமே, டாக்டருக்கும் அவளுக்கும் ரொம்ப நாளாகவே ஏதோ இருந்ததென்று இந்த அடுப்பைச் சுற்றித்தான் கதை கிளம்பியது. கிளப்பியவன் அந்தக் கான்வாஸ் முதுகுக்காரன். டாக்டருக்கு எழுபது வயது நெருங்குகிறது என்பதோ, அவர் மனைவிதான் டெல்லாவுக்குத் தங்க இடம் கொடுத்தவள் என்பதோ யாருக்கும் பொருட்டாக இல்லை.

"டாக்டர் எனக்குச் சம்பளம் தர்றது மாட்டுக்கு ஊசி போடத்தான் மெரில். உங்களுக்கும் ஒண்ணு போடணும்னா வாங்க. அதே ஊசிதான்."

ஹார்லன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முதுகு அசையவில்லை.

முதலில் அவர் எடுத்து வைத்ததெல்லாம் குப்பை. வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒன்றின் கழுத்துக்கட்டை உடைந்து, பசைபோட்டு ஒட்டி, அதன்மேல் வார்னிஷ் பூசப்பட்டிருந்தது; கட்டைவிரல் நகத்தால் தடவினாலே வெடிப்பு தட்டுப்பட்டது. அடுத்ததில், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கிற போல்ட்டை உருவிவிட்டுக் குழலை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். உள்ளே தோட்டாவைச் சுழலவைக்கும் வரிகள் துருவேறி, பூச்சி அரித்த பலகை மாதிரி இருந்தன. மூன்றாவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ அதை லாரியின் தரையில் வாய் கீழாக வைத்தே பல வருஷம் ஓட்டியிருக்க வேண்டும். குழல் வாயின் ஓரம் ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. தோட்டா வெளியேறும் கடைசி நொடியில் அந்த ஓரம்தான் அதைத் திசை தவறவைக்கும்.

"இதையெல்லாம் வேலிக்கு முட்டுக் குடுக்க வச்சிருக்கீங்களா?"

"உனக்கு எது வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? சுடறப்ப கை உறைஞ்சு போற ஆளுக்கு எந்தத் துப்பாக்கியா இருந்தா என்ன?"

இதைச் சொல்லிவிட்டு ஹார்லன் சுவரை அண்ணாந்து பார்த்தார். வேண்டாம் என்று நினைத்தும் அவளும் பார்த்தாள். கவுண்டருக்கு மேலே அந்தக் கிடா எல்க்கின் தலை. விரித்த இரண்டு மரங்கள் மாதிரி கொம்புகள். கீழே பித்தளைத் தகட்டில் ராய்ஸ் ரைக்கர்ட் என்ற பெயர். அந்தக் கிடாவை நாள் கணக்கில் தடம் பிடித்துப் போனவள் அவள். ஓடைக்கரையில், ஈரத்தில், வயிற்றால் ஊர்ந்து போய், துப்பாக்கித் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியை அதன் தோளுக்குப் பின்னால் நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு விசையில் விரலை அழுத்த ஆரம்பித்தபோது, அவள் காதுக்குப் பக்கத்திலேயே வெடித்தது. பின்னால் நின்றிருந்த ராய்ஸ், அவள் தோளுக்கு மேலாகச் சுட்டிருந்தான். அந்தக் காது இன்றுவரை பாதிதான் கேட்கிறது. "நீ உறைஞ்சு போயிட்ட. ஓடிடும்னுதான் சுட்டேன்," என்றான். வீட்டுக்கு வருகிற வழியில் சொன்னான், இந்தக் கடையில் சொன்னான், ஊரெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல அவனே அதை நம்பிவிட்டான் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொய்யனோடு இருந்துவிடலாம். தன் பொய்க்குத் தானே சாட்சி சொல்கிறவனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்ன முடியாது.

அவள் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். ஹார்லன் தடுக்கவில்லை. மூலை ரேக்கில், கயிறு கட்டிய இரண்டு ஷாட்கன்களுக்குப் பின்னால் அது சாய்ந்திருந்தது. எந்த யுத்தத்துக்கோ ஜெர்மன்காரர்கள் செய்த ராணுவத் துப்பாக்கி. பிற்பாடு யாரோ வேட்டைக்காக அதன் குழலை மாற்றி, வால்நட் மரத்தில் மெலிந்த கட்டை போட்டிருந்தார்கள். எடுத்ததுமே கை தானாக அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. தோளில் வைத்தாள். கன்னம் கட்டையில் பட்ட இடத்தில் கண் நேராகக் குறியில் போய் நின்றது. தேட வேண்டியிருக்கவில்லை. குழலுக்குள் வரிகள் வெள்ளி மாதிரி சுழன்று போயின. போல்ட் எண்ணெயில் வழுக்குவதுபோல முன்னே போய்த் தாழ்ந்தது. யாரோ அதைக் கண்ணாடியாகத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். இரும்பில் பொறித்த எண்கள்கூட மிச்சமில்லை.

"இது."

"ம். அது நல்ல சாமான்தான்," என்று ஹார்லன் மனமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

"ஒரு தோட்டா குடுங்க. உள்ள போட்டு மூடிப் பாக்கணும்."

"என் கடைக்குள்ள தோட்டா துப்பாக்கிக்குள்ள போகாது. கடவுளே வந்து கேட்டாலும் போகாது. உனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் ராய்ஸ் பேசினான். திரும்பவில்லை, அடுப்பைப் பார்த்தே பேசினான்.

"அத எடுக்காத."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த குரல் அது. அந்த பூட்ஸ எடுக்காத, கால் நனையும். அந்தப் பக்கம் உக்காராத, காத்து மாறும். அந்தத் தோட்டா வேண்டாம், உனக்கு உதை தாங்காது. அவள் தோளில் எந்தத் துப்பாக்கி இருக்க வேண்டும் என்பதை எப்போதும் அவன்தான் முடிவு செய்தான். அவள் கிளம்பி வந்தபோது அந்தத் துப்பாக்கியையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தாள்.

"ஏன்?" என்றாள்.

அவன் ஹார்லனை ஒருமுறை பார்த்தான். உடனே கண்ணை எடுத்துக்கொண்டான். "எடுக்காதன்னா எடுக்காத. அந்தத் துருப்பிடிச்சத எடுத்துக்க. குழல் மாத்திக்கலாம்."

"உனக்கு வேணுமா இது?"

"எனக்கு எதுக்கு?"

"அப்ப வாய மூடிட்டுக் காபியக் குடி."

"எக்கேடோ கெட்டுப் போ. உன் மூஞ்சி பேந்து போச்சுன்னா ஊரே என்னைத்தான் சொல்லும், அதான் பாத்தேன்."

"ஊரு உன்னப் பத்தி என்ன சொல்லணும்னு நீயேதான சொல்லிக் குடுக்கற. இதுக்கும் ஏதாவது எழுதிக் குடுத்துடு."

மெரில் தொண்டையைச் செருமினார். துப்பாக்கி வாங்குகிறவரைப் பற்றிச் சட்டப்படி விசாரிக்க வேண்டியதை ஹார்லன் போனில் விசாரித்து முடிக்கும்வரை அவள் துப்பாக்கியைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. பேரமும் பேசவில்லை. வெளியே வந்தபோது முகத்தில் அறைந்த குளிர்காற்று சுகமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் சமையல் மேஜையில் துணி விரித்துத் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தாள். ராய்ஸ் சொன்னதை நினைக்கவே கூடாது என்று வைத்திருந்ததால் அது மட்டும்தான் நினைவில் இருந்தது. அவன் ஹார்லனைப் பார்த்த பார்வை. அது அவனுடைய வழக்கமான பார்வை இல்லை. பொய் சொல்லும்போது ராய்ஸ் எதிராளியின் கண்ணைத்தான் பார்ப்பான். அவனுக்கு அதில் கூச்சமே கிடையாது. இன்று ஏன் கண்ணை எடுத்தான்? வெறும் சந்தேகம், என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு, மருந்தெடுத்த வெறும் தோட்டாவின் அடியில் டேப் ஒட்டிக் குழலுக்குள் விட்டு போல்ட்டை மூடிப் பார்த்தாள். சரியான துப்பாக்கியில் தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது; ஒரு படலம் டேப் ஒட்டினாலே போல்ட் மூட முரண்டு பிடிக்கும். இது மூடியது. இன்னொரு படலம் ஒட்டினாள். மூடியது. மேலும் ஒட்டினாள். அப்போதும் போல்ட் தாழ்ந்தது, கொஞ்சம் முனகலோடு.

டேப் நசுங்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இப்படிச் சொல்லிக்கொண்டுதான் படுத்தாள். ஆனால் மறுநாள் வேலை முடிந்து ஊருக்கு வெளியே சரளைக்கல் குழிக்குப் போனபோது தன் சின்ன பிக்கப் லாரியின் பின்னால் ஒரு பழைய டயரையும் கயிற்றுச் சுருளையும் போட்டுக்கொண்டு போனாள். அறிமுகமில்லாத துப்பாக்கியை முதல்முறை யாராக இருந்தாலும் இப்படித்தான் சுட்டுப் பார்ப்பார்கள் என்று வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் சொன்னதற்காக இல்லை.

குழியில் காற்று இல்லை. வானம் தாழ்ந்து, எந்நேரமும் பனி கொட்டத் தயாராக இருந்தது. டயரைக் கிடத்தி, துப்பாக்கியை அதன்மேல் படுக்கவைத்து, மண்மேட்டைப் பார்த்துக் குழலைத் திருப்பி, கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விசையில் மெல்லிய தனிக் கயிறு ஒன்றைக் கட்டி, அதைத் தன் லாரிக்குப் பின்புறம்வரை இழுத்துக்கொண்டு போனாள். தோட்டாவைப் போட்டு போல்ட்டை மூடிவிட்டு ஓடி வந்து சக்கரத்துக்குப் பின்னால் குந்தினாள். அந்தச் சமயத்தில்தான் சரளைக்கல் நொறுங்கும் சத்தம். மேட்டிலிருந்து ராய்ஸின் லாரி இறங்கி வந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. அவன் இறங்கி, டயரையும் கயிற்றையும் பார்த்தான். முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதை அவள் கவனித்தாள். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"பின்னாலயே வந்தியா?"

"டாக்டர் வீட்டம்மாதான் இங்க போயிருக்கன்னு சொன்னாங்க. ஒழுங்கா கதவக்கூடத் தெறக்கல, ஜன்னல் வழியா சொன்னாங்க." அவன் கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்தான். "அந்த போல்ட் அந்தத் துப்பாக்கியோடது இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் மாத்தினேன். நீ போனதுக்கப்புறம் வாங்கினது அது. அதோட சொந்த போல்ட்டுக்கு நல்ல விலை கேட்டான் ஒருத்தன். கழட்டிக் குடுத்துட்டேன். பெட்டியில கெடந்த ஏதோ ஒண்ண இதுல போட்டு, துப்பாக்கி நம்பரோட ஒத்து வராதது தெரியக்கூடாதுன்னு நம்பரத் தேச்சு எடுத்துட்டு, ஹார்லன் தலையில கட்டிட்டேன். உள்ள நிறைய இடைவெளி இருக்கு. தோட்டாக் கூடு கிழிஞ்சு, சூடெல்லாம் பின்னால உன் மூஞ்சிக்குத்தான் வரும்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைப் பார்த்துத்தான் சொல்கிறான். பொய் சொல்லும்போதும் இப்படித்தான் பார்ப்பான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"ஹார்லன்கிட்ட காச வாங்கிட்டுத் தெரிஞ்சே நாசத்த வித்த. யாரு வாங்கியிருந்தாலும் பேசாம இருந்திருப்ப."

"ஆமா," என்றான்.

"நீ சொல்றத நான் நம்பணும்."

"நம்பாத. இழு. பாத்துக்க."

"இந்தப் பக்கம் வா."

"நான் இங்கயே நிக்கிறேன்."

டயருக்கும் அவனுக்கும் பத்தடி இருந்தால் அதிகம். போல்ட் பிய்த்துக்கொண்டால் அந்தப் பக்கம்தான் வரும். அவன் சொன்னது உண்மையென்றால் அவன் நிற்கிற இடத்தில் எவனும் நிற்கமாட்டான். பொய்யென்றால் நிற்பான். அவள் இதை யோசிப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். அல்லது வெறும் வீம்பு. கயிறு அவள் விரலில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தது. இழுக்க ஆசையாக இருந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதைப் பார்த்து அவளே கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள்.

"ராய்ஸ். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னத் தூக்கி லாரியில போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்ட வேண்டியவ நான்தான். உன்கூட அவ்வளவு நேரம் ஒரே வண்டியில உக்கார என்னால முடியாது. இங்க வந்து குந்து."

அவன் நின்றான். காகம் ஒன்று மண்மேட்டைத் தாண்டிப் போனது. பிறகு அவன் சுற்றி வந்து, ஒரு முழங்காலை ஊன்றி, முனகிக்கொண்டே அவளுக்குப் பக்கத்தில் குந்தினான். ஒரு சக்கரத்தின் மறைவில் இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. அவன் கோட்டிலிருந்து புகையும் மாட்டுத் தீவனமும் கலந்த பழைய வாசனை வந்தது. அவளுக்குச் சரியாகக் கேட்காத காதின் பக்கம் அவன் இருந்தான். அவன் ஏதோ சொன்னது போலிருந்தது. என்னவென்று கேட்காமல் கயிற்றை இழுத்தாள்.

வெடிச்சத்தம் குழியின் சுவர்களில் மோதித் திரும்பியது. டயர் ஒருமுறை எகிறி அமர்ந்தது. எழுந்து போய்ப் பார்த்தபோது துப்பாக்கி முழுசாகவே இருந்தது. கட்டையில் ஒரு கீறல் இல்லை. போல்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதைச் சுற்றி, பளபளவென்று தேய்த்திருந்த எஃகின் மேல், மைக் கறை மாதிரி கரி தெறித்திருந்தது. கன்னம் வைத்திருந்தால் படுகிற இடம்வரை தெறித்திருந்தது.

"தெற," என்றான் ராய்ஸ்.

போல்ட் இறுகியிருந்தது. உள்ளங்கையால் அடித்துத்தான் தூக்கினாள். பின்னுக்கு இழுத்தபோது பித்தளைக் கூட்டின் அடிப்பாகம் மட்டும் வந்து விழுந்தது, ஓரம் கிழிந்து, நாணயம் அளவுக்கு. மீதிக் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. கீழே விழுந்த துண்டைக் குனிந்து எடுத்தாள். கையுறையையும் தாண்டிச் சுட்டது.

உண்மையைத்தான் சொல்லியிருந்தான். அவளுக்கு நிம்மதி வரவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எல்லாம் இருந்தபடி இருந்திருக்கும். அவனை எங்கே வைத்திருந்தாளோ அங்கேயே வைத்துவிட்டு நாளைக் காலையில் மலைக்குப் போயிருக்கலாம். இப்போது கையில் துப்பாக்கியும் இல்லை, சீசனும் இல்லை, இவனைப் பற்றிய அந்த ஒரு நிச்சயமும் இல்லை.

"சொன்னேன்ல," என்று அவன் ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். கொஞ்சம் கழித்து, "ஹார்லன்கிட்ட சொல்லுவியா?" என்றான்.

அவள் பித்தளைத் துண்டைக் கையில் புரட்டிப் பார்த்தாள்.

"உன் பழைய ரைஃபிள் வீட்டுலதான் இருக்கு. எண்ணெயெல்லாம் போட்டு வச்சிருக்கேன். ராத்திரியே கொண்டாந்து தர்றேன். நாளைக்கு நீ மேல போகலாம்."

"வேண்டாம்."

"வேற என்ன வேணும்னு சொல்லு. டாக்டர் விஷயம்னா, அத நான் பேசிச் சரி பண்ணிடறேன்."

"உன்கிட்ட இருந்து எனக்கு ஒண்ணும் வேண்டாம் ராய்ஸ். நீ சரி பண்றதும் வேண்டாம். அதுதான் உனக்குப் புரியவே மாட்டேங்குது."

"அப்ப சொல்லத்தான் போற."

"தெரியல. தெரியாமயே கொஞ்ச நாள் இரு."

அவள் டயர் அருகே மண்டியிட்டாள். வெடியின் உதையில் கயிறு இறுகிப் போயிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் முடிச்சைக் கெல்லினாள். விரல் மரத்துப்போனது. அவன் எதிர்ப்பக்கம் குனிந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தான்.

"கைய எடு," என்றாள்.

எடுத்தான். சரளையில் அவன் காலடிகள் தூரப் போயின. லாரிக் கதவு திறந்து மூடியது; என்ஜின் உறுமியது. போகட்டும் என்று அவள் முடிச்சிலேயே கண்ணாக இருந்தாள். பனி விழத் தொடங்கியிருந்தது. டயரின் குழிவில் அது மெல்லச் சேர்ந்தது. குழிக்குள் இருட்டு சீக்கிரமே இறங்கிவிடும். கயிற்றின் எந்தச் சுற்று எதற்குக் கீழே போகிறதென்று இப்போதே சரியாகத் தெரியவில்லை.

லாரி நகரவில்லை. சட்டென்று அதன் முன்விளக்குகள் எரிந்தன. டயரும் துப்பாக்கியும் அவள் கைகளும், விழுகிற ஒவ்வொரு பனித்துகளும் வெள்ளையாக எழுந்து நின்றன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டியிட்டபடியே கொஞ்சம் நகர்ந்து, தன் நிழல் முடிச்சின்மேல் விழாத பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.